விளையாட்டு அறையைச் சனிக்கிழமை கழுவுகிறோம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் புளோக்கில் இரண்டு பிள்ளைகளுக்குக் கை, கால், வாய் நோய் வந்திருக்கிறது. அதனால் கீழ்த்தள விளையாட்டு அறை சனிக்கிழமை வரை பூட்டியிருக்கும். காலை 9 மணிக்குக் கையுறையோடு நான்கு பேர் வந்தால் போதும்.

கைச் சுத்திகரிப்பான் புட்டிகளைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். இந்த நோயின் கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் அதை எளிதில் அழிக்காது. ப்ளீச்தான் வழி. முதலில் சோப்பு நீரால் அழுக்கைத் துடைத்துவிட வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச்சின் வீரியம் வீணாகும். பிறகு 5 விழுக்காட்டு ப்ளீச் 20 மில்லிலிட்டர், தண்ணீர் 980 மில்லிலிட்டர். அளந்தே கலக்கவும், போன முறை கண்ணளவில் ஊற்றி எல்லோரும் இருமியது நினைவிருக்கும். தெளிக்காமல் துணியால் துடைத்து, 10 நிமிடம் ஈரமாகவே விடவும். பொம்மைகளை அதன்பின் நல்ல தண்ணீரில் அலசவும். கதவுப் பிடிகளையும் பிறகு ஈரத்துணியால் துடைக்கவும், ப்ளீச் தங்கினால் உலோகம் அரித்துவிடும்.

வினிகரையோ கழிவறைத் திரவத்தையோ இதனுடன் கலக்கவே கூடாது; நச்சுவாயு கிளம்பும். சன்னல்களை நான் முன்னதாகவே திறந்து வைக்கிறேன். வருபவர்கள் இங்கே பெயரைப் பதியுங்கள்.