பேக்கப் சரி, ரீஸ்டோர் மட்டும் ஆகவில்லை: உங்கள் ரெஸ்க்யூ யூஎஸ்பி பற்றிய புகார்

வணக்கம்.

உங்கள் பேக்கப் மென்பொருளை இரண்டு வருடச் சந்தா கட்டி எங்கள் அச்சகத்து சர்வரில் போட்டிருக்கிறோம். அதில் ஓடுவது உபுண்டு 24.04 என்ற லினக்ஸ், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம், எக்ஸ்ட்4. இரண்டுமே நீங்கள் ஆதரிக்கும் பட்டியலில் இருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினோம். தினமும் இரவு பேக்கப் ஓடும், காலையில் வெற்றி என்று மெயில் வரும். அதை நம்பித்தான் வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை.

போன திங்கட்கிழமை எஸ்எஸ்டி போய்விட்டது. சரி, பேக்கப்தான் இருக்கிறதே என்று புது டிஸ்க்கை மாட்டி, உங்கள் தளத்தில் அன்றைக்கே இறக்கிய ரெஸ்க்யூ யூஎஸ்பியில் (டிஸ்க் போனால் கம்ப்யூட்டரைக் கிளப்பி பேக்கப்பை மீட்க உதவுவது) பூட் செய்து ரீஸ்டோரைத் தொடங்கினேன். இரண்டரை மணி நேரம் ஓடி, கடைசியில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் இடத்தில் 'அன்சப்போர்ட்டட் ஃபீச்சர்: ஃபீச்சர்_சி12' என்று ஒரு வரி வந்தது, அதோடு ரீஸ்டோர் தோல்வி என்று நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினேன், அதே இடம், அதே வரி. மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

உங்கள் சப்போர்ட்டில் முதலில் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) அணைக்கச் சொன்னார்கள். அப்புறம், ரீஸ்டோரின்போது நடந்ததெல்லாம் பதிவாகும் லாக்கைக்கூடக் கேட்காமல், பேக்கப் ஃபைலே கெட்டிருக்கலாம் என்றார்கள். அந்த ஒரு பதிலால் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

ஃபைல் கெடவில்லை. அந்த சி12 என்பது எக்ஸ்ட்4-இன் 'ஆர்ஃபன் ஃபைல்' வசதி, அழித்த பிறகும் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களைக் குறித்துவைப்பது. எக்ஸ்ட்4-ஐ ஃபார்மட் செய்யவும் சரிபார்க்கவும் உதவும் கருவித்தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸின், 2023 பிப்ரவரியில் வந்த 1.47-இலிருந்து, புதிதாக ஃபார்மட் செய்யும்போது அது தானாகவே சேர்ந்துவிடுகிறது. உங்கள் யூஎஸ்பியில் டெர்மினலைத் திறந்து பார்த்தால் இருப்பது 1.46.5. அதற்கு இந்த வசதி தெரியாது, தெரியாததைத் தொடாமல் மறுத்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். உபுண்டு 24.04-இன் லைவ் யூஎஸ்பியை (டிஸ்க்கில் நிறுவாமலே ஓடுவது) போட்டு அதே டிஸ்க்கைச் சரிபார்த்தேன், ஒரு பிழையும் இல்லை, மவுண்ட் ஆனது, டிசைன்கள் அத்தனையும் இருந்தன. கம்ப்யூட்டரை பூட் செய்யும் க்ரப்பை நானே மறுபடி நிறுவினேன். இருபது நிமிட வேலை, இதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

ரெஸ்க்யூ யூஎஸ்பியைப் புது இ2எஃப்எஸ்ப்ராக்ஸோடு உடனே வெளியிடுங்கள். அதைவிட முக்கியமாக, தங்கள் ரெஸ்க்யூ யூஎஸ்பியால் சரிபார்க்க முடியாத ஃபைல் சிஸ்டம் என்றால் பேக்கப் எடுக்கும் அன்றே உங்கள் மென்பொருள் எச்சரிக்க வேண்டும், டிஸ்க் போன பிறகு அல்ல. இதே நிலையில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இன்றே மெயில் அனுப்புங்கள், அவர்கள் எல்லோருக்கும் டெர்மினல் தெரிந்திருக்காது.

மீதமுள்ள பதினான்கு மாதச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். லாக்கும் திரையின் போட்டோவும் இணைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும், இந்த முறை லாக்கைப் படித்தவரே எழுதட்டும்.

இப்படிக்கு,
அச்சகத்தின் சார்பில் உங்கள் வாடிக்கையாளர்