ஜீப் விஷயமாக மாப்ளைக்கு

போடி
ஞாயிறு, காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதத்தில் மாடிப்படி ஏறுகிறாய் என்பதை உன் தங்கச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அப்போ உங்களுக்கு ஜாக்கி பிடிக்க ஆள் வந்தாச்சுன்னு சொல்லுங்க" என்றாள். பின்னால் இருக்கும் மாட்டுக்கொட்டகை இப்போது முழு ஒர்க்‌ஷாப் ஆகிவிட்டது. மாடு விற்ற பணம் எங்கே போனது என்று அவள் கேட்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

சரி, உன் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பழைய மகிந்திரா ஜீப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், அதில் ஸ்கார்பியோ இன்ஜின், 31 அங்குல டயர், சிக்கிய வண்டியைக் கம்பி போட்டு இழுக்கும் வின்ச், முன்னால் பெரிய பம்பர் எல்லாம் ஏற்றப் போகிறார், "நீ மூணு வருஷமா அதோடதான மல்லுக்கட்டுற, செலவு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருந்தாய். செலவை அப்புறம் பார்ப்போம். இந்த மூன்று வருடத்தில் நான் வண்டியில் புதிதாக ஏற்றியதைவிட, எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ஏற்றியதை இறக்கியதுதான் அதிகம். அதில்தான் வண்டி வண்டியானது.

என்னுடையது 1992 மாடல் எம்எம் 540. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஓடிய வண்டி. நாம் பள்ளிக்கூடம் போகும்போது விடியற்காலையில் போடிமெட்டுக்கு வரிசையாகப் போகுமே, பின்னால் நான்கு பேர் தொங்கிக்கொண்டு, அந்த ஜாதி. உள்ளே பெஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். இந்தப் பெயரை ரொம்ப நாள் ஏதோ பார்ட் நம்பர் என்று நினைத்திருந்தேன். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அவ்வளவுதான் அர்த்தம். 2112 சிசி, 62 குதிரைத்திறன். இன்றைக்குச் சின்ன கார்கூட இதைவிட அதிகம் வைத்திருக்கிறது. ஆனால் லோ கியர் லீவரைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு இரண்டரை மடங்கு போல ஆகிவிடும். மலையில் அதுதான் வேலை செய்கிறது, குதிரைகள் அல்ல.

வாங்கி வந்த அன்று முன்னால் ஒரு பம்பர் இருந்தது, ரயில் தண்டவாளத்தில் செய்த மாதிரி. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இந்த மாதிரி இரும்புத் தடுப்புகள் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்காக என்று சொன்னால் பொய். வண்டித் தகுதிச் சான்றான எஃப்சிக்குப் போகும்போது வம்பு வேண்டாமே என்றுதான் கழற்றினேன். பழைய இரும்புக் கடையில் 46 கிலோ நின்றது. கழற்றிய மறுநாள் ஸ்டீயரிங் கை விரலில் திரும்புகிறது! அந்த எடை முழுக்க முன் ஆக்சிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு நெம்புகோல் நடத்தியவனுக்கு இது தெரிய ஒரு பம்பரைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்து ஸ்பிரிங் பிளேட். பன்னிரண்டு பேரை ஏற்றுவதற்காகப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு பிளேட் கூடுதலாகக் கட்டியிருந்தார்கள். அதையும் உருவினேன். உன் தங்கச்சி அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏறச் சம்மதித்தாள்.

அப்புறம் ஆட்டம். 45 கிலோமீட்டர் வேகத்தில் ஏதாவது குழியில் முன் சக்கரம் இறங்கினால் போதும், ஸ்டீயரிங் கையை உதறும். முந்தின ஆள் அதற்கு, உதறலை அமுக்குகிற டேம்பர் ஒன்றை மாட்டியிருந்தார். காய்ச்சலுக்குக் கம்பளி போர்த்துவது போலத்தான் அது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. வீல் பேரிங்கை டைட் வைத்த பிறகும் ஆடியது. அப்படியானால் உள்ளே நக்கிளில், சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சான கிங்பினின் பேரிங் போயிருக்கிறது. இந்த வண்டியில் ஆக்சில் முனையில் உருண்டையாக ஒரு பந்து இருக்கும், அதன் மேல் மூடி மாதிரி நக்கிள் உட்கார்ந்திருக்கும். அதற்குள்தான் மேலே ஒன்று கீழே ஒன்று பேரிங். தேய்மானத்தை மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்ட வேண்டும். எத்தனை தகடு என்பதுதான் வித்தை. சின்னமனூர்ப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக், எண்பது வயது இருக்கும், சொல்லிக் கொடுத்தார்: ஆயில் சீலைப் போடாமல் நக்கிளைப் பூட்டி, மீன்காரம்மா வைத்திருக்கும் கொக்கித் தராசை ஸ்டீயரிங் ஆர்மில் மாட்டி இழு. ஐந்தாறு கிலோ காட்டும்போது நகர ஆரம்பித்தால் சரி. அதற்குக் குறைவென்றால் ஒரு தகட்டை எடு, கூடினால் ஒன்றைப் போடு. நான் பிடித்துப் பார்த்தபோது என் வண்டி ஒரு கிலோகூடக் காட்டவில்லை. இரண்டு நாள் வேலை. அத்தோடு டேம்பர் போன இடம் பரண்.

அந்த வேலையில் இன்னொன்றைப் பார்த்தேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் பெரிய நட்டு ஆறு பக்கமும் உளி வெட்டு. இதுவரை கழற்றிய ஒருவரிடமும் அதற்குரிய பாக்ஸ் ஸ்பேனர் இருந்ததில்லை, எல்லோரும் சுத்தியல், உளி. முதல் செலவாக மருமகனை அந்த ஸ்பேனரை வாங்கச் சொல். முந்நூறு நானூறு ரூபாய் சாமான், வண்டியைக் காப்பாற்றும்.

காலையில் ஸ்டார்ட் ஆகாத கதை உனக்குப் போனிலேயே பாதி சொன்னேன். புது பேட்டரி போட்டேன், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு காயில் கட்டினேன், ஹீட்டர் பிளக் நாலில் இரண்டு செத்துக் கிடந்ததை மாற்றினேன். பகலில் ஒரே அடியில் பிடிக்கும், விடிந்தால் அழும். கடைசியில் பேத்தியின் மீன்தொட்டியிலிருந்து உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் வெட்டி டீசல் லைனுக்கு நடுவில் மாட்டிப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது குமிழி குமிழியாகக் காற்று! ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு செம்பு வாஷர், திரும்பத் திரும்பப் போட்டுக் கெட்டியாகிப்போனது. டீசல் வெளியே ஒழுகவில்லை, காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. ராத்திரி முழுக்க லைனில் இருந்த டீசல் டாங்க்குக்கே இறங்கிவிடும். பத்து ரூபாய் வாஷர். அதற்கு முன்னால் நான் செலவழித்த தொகையை இங்கே எழுத மாட்டேன், இந்தக் கடிதம் உன் தங்கச்சி கையால்தான் தபால் பெட்டிக்குப் போகிறது.

இனி பிரேக். இதை மருமகனுக்கு வார்த்தை விடாமல் படித்துக் காட்டு, ஏனென்றால் தப்பு முழுக்க என்னுடையது.

நாலு சக்கரமும் டிரம். ஒரு ஓடையைக் கடந்து ஏறினால் அடுத்த நாலு மிதிக்குப் பிடிக்காது. எல்லோரும் செய்கிற மாதிரி பொலிரோவின் முன் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் செட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கி, லேத்தில் பிராக்கெட் அடித்து மாட்டினோம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே விட்டுவிட்டேன். தெருவில் ஓட்டிப் பார்த்தால் பிரமாதம். மறுநாள் போடிமெட்டுக்குக் கிளம்பினேன்.

ஏறும்போதே வண்டி கனத்தது. வயசான இன்ஜின், மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். மேலே டீ குடித்துவிட்டு இறங்கும்போது, அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, கருகல் வாடை. அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன், பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போனது. இரண்டாவது கியரில் இருந்தேன். அலற விட்டு முதல் கியருக்குத் தள்ளி, மலைப் பக்கத்து வாய்க்காலில் இடது சக்கரத்தை இறக்கி, மண்ணில் உரசித்தான் நிறுத்தினேன். முன் இரண்டு சக்கரத்திலும் புகை. தண்ணீர் ஊற்றலாம் என்று ஒருவர் கேனோடு ஓடிவந்தார், வேண்டாம் என்று கெஞ்சினேன், சூட்டில் ஊற்றினால் டிஸ்க் கோணிப்போகும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், நானும் குரங்குகளும்.

காரணம் இதுதான். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற ஒரு சின்ன வால்வு இருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்காமல் இருக்க அது தேவை. டிரம்மில் ஷூவை இழுத்து விட ஸ்பிரிங் இருக்கிறது, அதனால் பாதகமில்லை. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் கிடையாது. அந்தக் கொஞ்ச அழுத்தமே பிரேக் பேடை டிஸ்க்கோடு ஒட்டி வைத்துத் தேய்க்கும். தேய்ந்தால் சூடு. பிரேக் ஆயில் வேறு பழையது. டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்துப் பழசானால் 140 போதும். கொதித்தால் லைனில் ஆவி, ஆவியை அமுக்கினால் அது அமுங்கும், அவ்வளவுதான், பெடல் தரைக்குப் போய்விடும். இதில் எந்த வரியும் எனக்குத் தெரியாததல்ல. பதினோராம் வகுப்புப் பாடம்.

அப்புறம் பொலிரோவின் மாஸ்டர் சிலிண்டரையே, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரோடு போட்டேன். பூஸ்டருக்கு வெற்றிடம் வேண்டும், டீசல் இன்ஜின் பெட்ரோல் மாதிரி அதைத் தானாகக் கொடுக்காது. அதனால் முதுகில் வேக்கம் பம்ப் வைத்த ஆல்டர்னேட்டர் ஒன்றும் சேர்ந்து வந்தது. ஒரு சாமானை மாற்றினால் அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடவே வருவார்கள், கல்யாண வீடு மாதிரி. மருமகனின் இன்ஜின் யோசனைக்கும் இதேதான். இன்ஜின் வந்தால் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஷாஃப்ட் நீளம், கிரௌன் பினியன் என்று ஊரே கிளம்பி வரும். 62 குதிரையையே நிறுத்த நான் பட்டது இவ்வளவு. அதோடு ஆர்டிஓ அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்ற முடியாது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டித்தான் ஆக வேண்டும். எனக்கு அடுத்த முறை 2027. இருபது வருடம் தாண்டியதற்குக் கட்டணம் பத்தாயிரம் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போதே உண்டியலில் போட்டு வருகிறேன்.

டயருக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டு. பழைய 6.00-16 டயரின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்து வருவது 235/75 ஆர் 15. அகலம் 235, அதில் 75 சதவீதம், அதாவது முக்கால், பக்கச்சுவரின் உயரம் 176, மேலும் கீழுமாக 352, 15 அங்குல ரிம் 381, ஆக 733 மில்லிமீட்டர். அவர் கேட்கிற 31 அங்குலம் 787. வித்தியாசம் 54. ஆனால் ஆக்சில் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, வெறும் 27 மில்லிமீட்டர், இரண்டு விரல் கனம்கூட இல்லை. அதற்கு விலையாக எல்லா கியரும் ஏழு சதவீதம் நீண்டுவிடும், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகும், நான் தராசு வைத்துச் சரிசெய்த கிங்பின் திரும்ப ஆட ஆரம்பிக்கும். நான் 235ஓடு நிறுத்திக்கொண்டேன். அழகுக்கு வேண்டுமென்றால் வேறு கதை.

ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பெரிய பல்பு வாங்க வேண்டாம். என் வண்டியில் விளக்குக்குப் போகும் கரண்ட் முழுக்க டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வந்தது, வழியிலேயே பாதி செத்தது. ஸ்விட்சின் சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து விடுகிற ரிலே இரண்டு போட்டு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தேன். அதே பழைய பல்பு, குரங்கணி ரோட்டில் முயல் கண் தெரிகிறது.

ஃபோர்வீல் லீவரை ஊருக்குள் தார் ரோட்டில் போட்டு ஓட்ட வேண்டாம் என்றும் சொல். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, வளைவில் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முறுக்கிக்கொண்டு லீவர் வெளியே வராது. அப்படிச் சிக்கினால் அடிக்காமல் கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கச் சொல், தானே விடும்.

இப்போது என் வண்டியில் பாக்கி இருப்பது தரைத் தகடு. டிரைவர் சீட்டுக்குக் கீழே துரு தின்று ரோடு தெரிகிறது. மழை விட்டதும் வெட்டி எடுத்து 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்யப் போகிறேன். பட்டி பூசி மறைக்கலாம் என்று டிங்கரிங் தம்பி சொன்னான். முந்தினவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள், சுரண்டச் சுரண்ட மூன்று கலர் பட்டி வருகிறது. கடைசியில் உள்ளே ஒரு பச்சை பெயிண்ட் தெரிந்தது பார், ஒருவேளை நாம் தொங்கிக்கொண்டு போன வண்டிகளில் ஒன்றாகவே இருக்கலாம்.

செலவு கேட்டாயே. வண்டி விலைக்குச் சமமாக இதுவரை ஆகிவிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு என் அவசரத்துக்குக் கட்டிய ஃபீஸ்.

உன் வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். டாக்டர் அனுமதித்தால் தை மாதம் மருமகனையும் கூட்டிக்கொண்டு வா. வருகிற வழியில் புதுப்பேட்டையில் எம்எம் 540க்கு முன் நக்கிள் ஆயில் சீல் செட் இரண்டு வாங்கி வா. இங்கே கிடைப்பது ஒரு மழைக்குத் தாங்கவில்லை. பழைய சீலின் போட்டோவை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், கடைக்காரரிடம் காட்டு. கொக்கித் தராசு வேண்டாம், மீன்காரம்மா எனக்கே விற்றுவிட்டார்.

உன்
மாப்ளே