ஒரு லிவ்ர் எத்தனை யூரோ என்று கேட்ட மகளுக்கு

புதுச்சேரி,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

பிரான்சின் பழைய பணமான லிவ்ரைப் பற்றி நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. "இத்தனை வருஷம் சரித்திரம் நடத்தினீங்களே அப்பா, ஒரு லிவ்ர் இன்றைக்கு எத்தனை யூரோ என்று சொல்லத் தெரியாதா?" என்று கேட்டாய். ராத்திரி முழுக்க அதே நினைப்பு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பாரிசில் சுற்றிக்காட்டுகிற நம் ஆட்கள் எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள் என்றாய். கேட்கத்தான் செய்வார்கள். பழைய விலை ஒன்று காதில் விழுந்ததும் மனசு நம் காசுக்குத்தான் ஓடும். ஆனால் நீ யூரோவில் சொல்லாதே. ரொட்டியை வைத்து மாற்றினால் ஒரு தொகை வரும், வெள்ளியை வைத்து மாற்றினால் வேறொன்று, கொத்தனார் கூலியை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டாத இன்னொன்று. எதைச் சொன்னாலும் கேட்பவருக்குத் தப்பான படம்தான் மனசில் நிற்கும். எத்தனை நாள் வேலை என்று சொல். அது எல்லாருக்கும் புரியும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 12 தெனியே ஒரு சூ. 20 சூ ஒரு லிவ்ர். ஆக ஒரு லிவ்ருக்கு 240 தெனியே. இது உனக்கு விசித்திரமாக இருக்கலாம், என் அம்மாவுக்கு இருந்திருக்காது. என் பழைய தபால்தலை ஆல்பம் ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரித் தலைகளில் ஃபானோன், காஷ் என்று அச்சடித்திருக்கும். நம் பணமும் காசும்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்.

லிவ்ர் என்றால் ராத்தல் என்ற பழைய எடை. சார்லமேன் என்ற பேரரசர் 793, 794 வாக்கில் ஒரு ராத்தல் வெள்ளிக்கு 240 தெனியே என்று வகுத்தார். 794-இல் பிராங்க்ஃபர்ட் சபையில் விலையும் கட்டினார்கள்: இரண்டு ராத்தல் எடையுள்ள கோதுமை ரொட்டி 12, ஒரு தெனியேவுக்கு. வாற்கோதுமை ரொட்டி என்றால் 20, ஓட்ஸ் ரொட்டி என்றால் 25. பஞ்சம் வந்தாலும் இதற்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு. கூட்டம் கேட்டால் இதைச் சொல், வாயைப் பிளப்பார்கள்.

ஆனால் லிவ்ர் என்று ஒரு காசு பல நூறு வருஷத்துக்குக் கிடையவே கிடையாது. ஏட்டில் எழுதுவார்கள், கடன் பேசுவார்கள், வாடகை பேசுவார்கள், கையில் கொடுப்பது தெனியேதான். அந்தத் தெனியேவிலும் போகப் போகச் செம்பு கூடிக் கறுத்துப்போய், கறுப்புக் காசு என்றே பெயர் வாங்கியது. ஒரு சூ மதிப்புக்கு நல்ல வெள்ளியில் காசு வந்தது 1266-இல், ஒன்பதாம் லூயி காலத்தில். அதற்கு க்ரோ என்று பெயர். 1360-இல் ஒரு லிவ்ர் மதிப்புக்குத் தங்கக் காசு ஒன்று வந்தது. அதுதான் முதல் ஃபிராங்க். தூர் நகரத்துக் கணக்கு, பாரிஸ் கணக்கு என்று லிவ்ரிலேயே இரண்டு உண்டு. பாரிஸ் லிவ்ர் 4 கொடுத்தால் தூர் லிவ்ர் 5. அது தெரிந்தால் போதும், வருகிறவர்களைக் குழப்ப வேண்டாம்.

இனிக் கூலிக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான்.

பர்கண்டியில் ஓதன் என்ற ஊரில் 1294-95-இல் நடந்த கட்டட வேலைக்குக் கணக்கு இருக்கிறது. தள்ளுவண்டியில் மண் அள்ளுகிறவனுக்கு ஒரு நாளைக்கு 7 தெனியே. சாந்து குழைப்பவனுக்கும் அதைச் சுமந்து மேலே ஏற்றுகிறவனுக்கும் 10, 11. கொத்தனாருக்கு 20, 22. இதைப் படித்தபோது எனக்கு உன் தாத்தா ஞாபகம்தான். அவரும் சித்தாளாகத் தொடங்கிக் கொத்தனாரானவர். சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் நடுவே ஒன்றுக்கு மூன்று என்று இருந்த அந்தத் தூரத்தைத் தாண்ட எத்தனை வருஷம் ஆகும் என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதே காலத்தில் அரசனின் படையில் சேர்ந்த ஒரு சாதாரண வீரப்பிரபுவுக்கு (நைட்) நாள் சம்பளம் 10 சூ, அதாவது 120 தெனியே. மண் அள்ளுகிறவன் 17 நாளுக்கு மேல் முதுகு வளைத்தால் அந்த ஒரு நாள் சம்பளம் வரும். 50 லிவ்ருக்கு ஒரு போர்க்குதிரை வாங்கினால், அது 20 தெனியே வாங்கும் கொத்தனாருக்கு 600 நாள் கூலி. அவருக்கு வருஷத்தில் 250 நாள் வேலை கிடைத்தாலே அதிகம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, திருநாள் வந்தால் கிடையாது, உறைபனி விழுந்தால் சுவர் வேலையே கிடையாது. குளிர்காலத்தில் பகல் சுருங்கினால் கூலியும் சுருங்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு வாய் ரொட்டிகூடத் தின்னாமல் சேர்த்தால் அந்தக் குதிரை. இப்படிச் சொல்லிப் பார், யாரும் யூரோவில் கேட்க மாட்டார்கள்.

நகராட்சி மாளிகைக்கு முன்னால் அவர்களை நிறுத்துவாய் அல்லவா, அந்த இடம் பழைய கிரேவ் திடல். வேலை தேடுகிறவர்கள் கூடிய இடம். வேலைநிறுத்தத்துக்குப் பிரெஞ்சில் 'கிரேவ்' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். நம் ஊர் நாற்சந்தியில் விடிகாலையில் கரண்டியும் மட்டப்பலகையுமாக நிற்பார்களே, அப்படி நினைத்துக்கொண்டு அந்தத் திடலைக் காட்டு.

ரொட்டி விலையில் ஒரு சூட்சுமம் இருந்தது. பாரிசில் ஒரு தெனியே ரொட்டி என்றால் எப்போதும் ஒரு தெனியேதான். கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடை குறையும். கொடுக்கிற காசு அதே காசு, கையில் வருகிற ரொட்டி மட்டும் சின்னதாகிக்கொண்டே போகும். 1315-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் அந்த ஒரு தெனியே ரொட்டி எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே மனசு கூசுகிறது.

ரொட்டி சுருங்கியது விளைச்சலால் என்று வைத்துக்கொள். காசையே சுருக்கியது பிரான்சின் அரசன் நான்காம் பிலிப். அவன் காலத்தைப் பற்றி என்னால் நிதானமாக எழுத முடியாது. சண்டைக்குப் பணம் போதவில்லை என்று 1295-இல் காசின் மாற்றை, அதாவது அதிலிருக்கிற வெள்ளியின் அளவை, குறைக்கத் தொடங்கினான். புதுக்காசில் எடையும் மாற்றும் குறைவுதான், யாருக்கு நஷ்டம் வந்தாலும் ஈடு கட்டுகிறேன் என்று தானே எழுதியும் கொடுத்தான். ஆனால் குறைப்பதை நிறுத்தவில்லை. 12 தெனியேவாக இருந்த அதே க்ரோ பத்தே வருஷத்தில் 39 தெனியே வரைக்கும் போனது. வெள்ளி அதே வெள்ளிதான், தெனியேதான் வெறும் செம்பாகிப்போனது. நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இருக்கிற இரண்டு அர்த்தமும் ஒன்றாகச் செத்துப்போன பத்து வருஷம் அது.

அப்புறம் 1306-இல் திடீரென்று, இனிப் பழைய நல்ல காசுதான் என்று அறிவித்தான். கேட்க நல்ல சேதிதான், ஆனால் வாடகைக்குக் குடியிருந்தவன் கதி என்ன ஆனது பார். 30 சூ வாடகை என்று மட்டமான காசு இருந்தபோது பேசியிருக்கிறான் என்று வைத்துக்கொள். அது 360 தெனியே, வெள்ளியாக மாற்றினால் 9 க்ரோ சொச்சம். இப்போது வீட்டுக்காரன் நல்ல காசில் 30 சூ கேட்கிறான். அது 30 க்ரோ. வீடு அதே வீடு, பேசிய தொகையும் அதே தொகை. கொடுக்க வேண்டியது மட்டும் மூன்று மடங்குக்கு மேல்.

1306 டிசம்பர் 30-ஆம் தேதி பாரிஸ் கொதித்தது. பணக்கார வியாபாரி எத்தியேன் பார்பெத்தின் தோட்ட வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். ஒயின் பீப்பாய்களை உடைத்து ஊற்றினார்கள், தலையணைகளைக் கிழித்துத் தூவியைக் காற்றில் பறக்கவிட்டார்கள். அரசன் தாம்ப்ள் கோட்டையில் இருந்தான். அவனுக்குப் போன சாப்பாட்டைப் பிடுங்கிச் சேற்றில் வீசினார்கள். சில நாளில் 28 பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் கோட்டை இப்போது இல்லை, அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. மாரே பகுதியில் பார்பெத் தெரு என்று பெயர்ப்பலகை பார்த்திருப்பாய். காசு வைத்திருந்தவன் பெயர் சுவரில் இருக்கிறது; தூக்கில் தொங்கிய கைத்தொழில்காரர்களின் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை. அந்தத் தெருவில் ஒரு நிமிஷம் நின்று இதைச் சொல், பாப்பா. எனக்காகச் சொல்.

எனக்கு இது ஏன் இப்படிச் சுடுகிறது என்று உனக்குச் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயசிருக்கும். தாத்தா ஒரு காண்டிராக்டரிடம் வேலை செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் கூலி. அந்த ஆள் கிழிந்த, எண் அழிந்த நோட்டுகளை எங்கிருந்தோ வட்டம் போட்டு மலிவாக வாங்கி வந்து கூலியாகக் கொடுப்பான். ஏட்டில் முழுக்கூலி எழுதியிருக்கும். பாட்டி அடுப்படியில் நோட்டுகளைத் தரையில் பரப்பி, சோற்றுப் பசை தடவி, துண்டுகளை ஒட்டிக் காயவைப்பாள். மறுநாள் கடைக்காரர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ரூபாய்க்கு 10 பைசா பிடித்துக்கொள்வார். ஆறு நாள் வெயிலில் நின்றதில் அரை நாளுக்கும் மேலான கூலி அந்த வெளிச்சத்திலேயே கரைந்துபோகும். தாத்தா ஒரு வார்த்தை பேசமாட்டார். கைவிரலில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

1348 கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் பஞ்சம் வந்து கூலி ஏறியது. கைக்கு ஒரு காசு கூடுதலாக வந்ததே என்று நாம் நினைப்பதற்குள், 1351-இல் அரசன் இரண்டாம் ழான் சட்டம் போட்டான்: நோய்க்கு முன்னால் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாரும் கூட்டிக் கேட்கக் கூடாது. பாரிசில் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அதிகபட்சம் வருஷத்துக்கு 30 சூ, கூடக் காலுறையும் செருப்பும். இப்படிக் கூலியைக் கட்டிப்போட்ட அதே அரசன் காசின் மதிப்பைச் சட்டையை மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டிருந்தான். காசு ஊராருடையது, அரசனுடையது அல்ல என்று அந்தக் காலத்திலேயே நிக்கோல் ஓரேம் என்ற பாதிரியார் எழுதிவைத்தார். அவர் பெயரைக் கட்டாயம் சொல்.

இன்னொன்று, உன் கூட்டத்துக்குப் பிடிக்கும். 1393 வாக்கில் பாரிசில் ஒரு வசதியான வீட்டுக்காரர் தன் இளம் மனைவிக்கு வீடு நடத்தும் விதத்தை எழுதி வைத்தார். விருந்துக்கு வாங்கிய சாமான் பட்டியலும் அதில் இருக்கிறது. அதில் 'கொலொம்பின்' இஞ்சிப் பொடி ஒரு ராத்தல் 11 சூ. கொலொம்பின் என்றால் கொல்லத்துச் சரக்கு. நம் பக்கத்துக் கொல்லம்தான்! அலெக்சாந்திரியா, வெனிஸ் என்று கை மாறிக் கை மாறிப் போன சுக்குப் பொடி, பாரிசில் ஒரு கூலியாளின் பல நாள் உழைப்பை விழுங்கியிருக்கிறது.

சரி, உன் வாடகை ஏறியதைப் பற்றி அம்மா கவலைப்படுகிறாள். எவ்வளவு குறைகிறது என்று வெட்கப்படாமல் எழுது. எதிர்வீட்டு அக்கா அடுத்த வாரம் பாரிஸ் வருகிறார். அவரிடம் அம்மா இடித்துச் சலித்த சுக்குப் பொடி அரைக் கிலோ கொடுத்தனுப்புகிறோம். பழைய பாரிஸ் ராத்தலுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். குளிர் தொடங்கிவிட்டது, தினமும் பனைவெல்லம் போட்டுக் காய்ச்சிக் குடி.

அன்புடன்,
அப்பா