அந்த நோட்டைத் திருப்பி அனுப்பு, பாப்பா

குன்னூர்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலம்தானே? போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்கு மழையில் சிக்னல் போய்விடுகிறது. இது அரைகுறையாகச் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வேலை பார்த்த நாளில் நான் கணக்கு எழுதி வைத்த என் சீஸ் நோட்டு எனக்கு வேண்டும்.

நீ ஊருக்குக் கிளம்பின அன்று நானேதான் அதை உன் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். "உங்க கையெழுத்து என்கூட இருக்கட்டும்மா" என்று நீ கேட்டதால் வைத்தேன். கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பது நம் வீட்டில் வழக்கமில்லை. காரணத்தைப் படித்துவிட்டு நீயே சொல்லு.

நூலகத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஓட்டுக் கட்டடம் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதன் திண்ணையில் மழைக்கு ஒதுங்குவாய். உங்களுக்கு அறிவியல் எடுத்த வாத்தியார் ஓய்வு பெற்றபின் நாலைந்து இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே ஒரு மியூசியம் வைக்கிறார். இந்த மலையில் வெண்ணெயும் சீஸும் செய்த கதைக்கென்றே இரண்டு அறை. போன மாதம் வீட்டுக்கு வந்து, "அம்மா, 28 வருஷம் சீஸ் ரூமில் நின்றவர் நீங்கள்தான். உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். நீ போன தடவை வந்தபோது "எடைக்குப் போட்டுடுங்கம்மா, பூச்சி அடையுது" என்றாயே, அதே சாமான்கள்தான். திருகு வைத்த மர பிரஸ். திரிந்து கட்டியான பாலை, அதைத் தயிர் என்போம், வெட்டுகிற கம்பி கட்டிய தயிர்க் கத்திகள் இரண்டு, ஒன்றில் கம்பி குறுக்கே ஓடும், மற்றதில் நெடுக்கே. தகர அச்சுகள். பித்தளை உறை போட்ட தெர்மாமீட்டர். பிறகு சீஸைக் குத்திப் பதம் பார்க்கிற அந்த ட்ரையர். வாத்தியார் அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். பென்சிலை நெடுக்கே பிளந்து குடைந்த மாதிரி ஓர் எஃகுக் குழாய், முனையில் மரப்பிடி. முதிர்ந்த சீஸில் அதைக் குத்தி ஒரு சுற்றுச் சுற்றி உருவினால் விரல் நீளத்துக்குச் சீஸ் வரும். மூக்கருகே வைத்து மோந்து, நுனியில் துளி கிள்ளித் தின்று பார்த்து, மிச்சத்தை அதே துளையில் செருகி, மேலே விரலால் தேய்த்து மூடிவிடுவோம். குத்தின இடம் வெளியே தெரியாது. அவர் வெறும் காற்றில் குத்திச் சுற்றிப் பார்த்தார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

அன்றைக்கு ராத்திரிதான் நீ நெதர்லாந்தின் அல்க்மார் ஊரிலிருந்து படங்கள் அனுப்பினாய். வெள்ளை உடுப்பும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஆட்கள் இரண்டிரண்டு பேராகச் சீஸ் உருண்டைகளைத் தூக்கு பலகையில் வைத்துத் தோளில் பட்டை மாட்டி ஓடுகிறார்கள். அந்தச் சுமைக்காரர்களின் சங்கம் 1593-லிருந்து இருக்கிறது என்றும், தேவாலயமாக இருந்த கட்டடத்தை 1582-ல் எடை போடும் மண்டபமாக மாற்றினார்கள் என்றும், 1983-லிருந்து அதே மண்டபத்தில் சீஸ் மியூசியம் நடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். கூடவே, "அம்மா, இவங்க எவ்வளவு அழகா வச்சிருக்காங்க பாருங்க" என்று ஒரு வரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மர பிரஸ் இருந்தது. நம் பின்கட்டில் கிடப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது, பாப்பா. குறை சொல்வதாக நினைக்காதே. அங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்க வைக்கிற பொருள் இங்கே எடைக்குப் போகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஏற்கெனவே போனது கொஞ்சமா? நான் வேலை பார்த்த இடத்தை மூடினபோது பால் தொட்டியைக் கிலோ கணக்கில் விற்றார்கள். முதிர வைக்கிற அறையின் பலகைகள் விறகாகப் போயின. கணக்குப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றியதை நானே கண்ணால் பார்த்தேன். இந்தப் பிரஸ்ஸையும் கத்திகளையும் உங்கள் அப்பா ஒரு மாத வருமானம் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார். "இது உன் கை பட்ட சாமான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் அந்த வேலைக்குப் போனபோது உன் அப்பத்தா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "நல்ல பாலைத் திரிய வைக்கிறதுக்கு ஒரு சம்பளமா?" என்பார். பால் திரிந்தால் அன்றைக்கு நல்லதில்லை என்று நினைக்கிறவர். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். நம் அடுப்படியில் பாலுக்குத் தெரிந்த வழி காய்ச்சுவது, உறை ஊற்றுவது, கடைவது, உருக்குவது. திரித்ததை வடிகட்டி, உப்புப் போட்டு, அழுத்தி, மாதக்கணக்கில் காத்திருப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம். 1820-களில் கலெக்டராக இருந்த சல்லிவன் துரை ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறினதிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்களுக்கு வெண்ணெயும் ரொட்டியும் சீஸும் வேண்டியிருந்தன. 1905-ல் முத்துசாமி முதலியார் குன்னூர்ப் பக்கம் வெண்ணெய் வியாபாரத்தில் இறங்கினதுதான் பின்னாளில் நீல்கிரீஸ் கடையாக வளர்ந்தது. வந்தது எங்கிருந்தோ என்றாலும் செய்த கைகள் நம் கைகள். விடிகாலையில் கேனோடு சொசைட்டிக்கு வந்த படுகர் வீட்டுப் பெண்களும், தொட்டி கழுவினவர்களும், துணி சுற்றினவர்களும் சேர்ந்து செய்ததுதான் இந்த மலையின் சீஸ். மியூசியச் சுவரில் துரைமார் படம் மட்டும் தொங்கினால் நான் சாமான் தர மாட்டேன் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். அவரும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறார்.

எழுத்துப் பலகையில் "பாலாடைக்கட்டி" என்று போட இருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். பாலாடை என்றால் காய்ச்சின பாலின் மேல் படிகிற ஏடு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சீஸ் ரூமில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. "சீஸ்" என்றே எழுதச் சொன்னேன், எழுதிவிட்டார்கள்.

பாலைத் திரிய வைக்க விடுகிற ரென்னெட் விஷயத்தில்தான் பெரிய பேச்சு நடந்தது. பழைய நாளில் அது கன்றுக்குட்டியின் நாலாவது வயிற்றிலிருந்து எடுத்தது என்று எழுதினால் சைவக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், விட்டுவிடலாம் என்று ஒரு பையன் சொன்னான். மறைக்கக் கூடாது என்றேன். அது தெரிந்த நாளிலிருந்து என் அம்மா சீஸைத் தொடவில்லை. பிறகு பூஞ்சையிலிருந்து எடுக்கிற ரென்னெட் வந்தது, அவர் பயமில்லாமல் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார். இரண்டையும் எழுதினால்தானே அது எங்கள் கதை?

இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

சாமான்களை வரிசையாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அந்த இளைஞர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கத்தியைப் பார்க்கிற பிள்ளைக்கு அதை எப்போது தொட்டியில் இறக்குவது என்று தெரிய வேண்டாமா? பால் 31 டிகிரியில் இருக்கும்போது கல்ச்சர், அதாவது புளிப்பேற்றுகிற உறை, விட்டு, ரென்னெட் கலந்து, முக்கால் மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். பிறகு சுத்தமான விரலைச் சாய்வாக உள்ளே விட்டு மெல்ல மேலே தூக்கிப் பார்ப்போம். தயிர் குழைந்து விரலில் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. கத்தியால் கீறினது போலப் பிளந்து, பிளவில் இளம்பச்சையாகத் தண்ணீர் ஊறினால் அதுதான் பதம். ஐந்து நிமிஷம் முந்தினால் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும், பிந்தினால் கல்லாகிவிடும். அதற்கப்புறம் 39 டிகிரி வரைக்கும் மெதுவாகச் சூடேற்றுவது, தண்ணீரை வடிப்பது, பாளம் பாளமாக அடுக்கிக் கால் மணிக்கு ஒரு தரம் புரட்டுவது. புளிப்புப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, தயிர்த் துண்டை அதில் ஒட்டி இழுப்பார். நூல் நூலாக வரும். நூலின் நீளத்தைப் பார்த்தே "உப்புப் போடலாம்" என்பார். பத்து லிட்டர் பாலில் ஒரு கிலோ சீஸ்தான் தேறும். எருமைப் பால் கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்தக் கணக்கெல்லாம் எந்தச் சாமானில் இருக்கிறது? அந்த நோட்டில் இருக்கிறது. தேதி, எத்தனை லிட்டர், என்ன சூடு, எத்தனை மணிக்கு விரல் விட்டேன், நூல் எவ்வளவு வந்தது, எந்தப் பலகையில் வைத்தேன், எத்தனை மாதம் கழித்து ட்ரையர் போட்டேன் என்று எல்லாம். மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, தை மாதப் பனிக்கு ஒரு கணக்கு. வெளிநாட்டுப் புத்தகத்தில் குன்னூர் மழைக்கு நேரம் எழுதியிருக்காது, பாப்பா.

வாத்தியார் என்னைப் பாலாடாவில் இருக்கிற பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கு அழைத்துப்போனார். தோடர் மந்துகளை, அதாவது அவர்கள் குடியிருப்புகளை, பற்றிப் பேச்சு வந்தது. அவர்கள் சீஸ் செய்வதில்லை. எருமைப் பால், மோர், வெண்ணெய், நெய்யோடு சரி. ஆனால் பால் இருக்கிற இடமே அவர்களுக்குக் கோயில், பெண்கள் உள்ளே போகக் கூடாது. 1901, 1902-ல் இங்கே வந்து தங்கின ரிவர்ஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் ஒன்றை எழுதி வைத்திருக்கிறாராம். பழைய மோரைப் புதுப் பாலில் விட்டு விட்டே அந்த உறையைத் தலைமுறையாகக் கொண்டுவருவார்கள். ஒரு கோயிலில் அது அறுந்துபோனால் சடங்கெல்லாம் செய்து வேறொரு கோயிலிலிருந்து எடுத்து வந்து மறுபடி தொடங்குவார்கள் என்று. திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பக்கத்து வீட்டில் உறை மோர் கேட்டு வாங்குகிற மாதிரிதானே நான் இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

மியூசியத்தின் பின்னறையில் அடுப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு இருபது லிட்டர் பால் வாங்கி, அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லி சீஸ் போட வேண்டும். என் முழங்கால் இருக்கிற இருப்புக்கு இன்னும் நாலைந்து வருஷம் நிற்பேன். பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்கள் கற்றுக்கொள்ள இப்போதே வந்து போகிறார்கள்.

"ஸ்கேன் பண்ணி அனுப்புறேன்" என்று நீ சொல்வாய். அதையும் செய், ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஆனால் நடுவில் சீஸுக்குப் பூசுகிற சிவப்பு மெழுகு சிந்தி ஒட்டிக்கொண்ட பக்கங்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்க எனக்குத்தான் தெரியும். பென்சிலில் எழுதினது பல இடத்தில் மங்கிவிட்டது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தின தடம் தெரியும், படத்தில் தெரியாது.

ஒரு பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீ அதைப் பார்த்திருப்பாய். 120 லிட்டர் என்று எழுதி, ரென்னெட் விட்ட நேரம் இருக்கும், அதற்குக் கீழே ஒன்றுமே இருக்காது. பிறகு ஓரத்தில், "புளித்துவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்று மூன்றே வார்த்தை எழுதியிருப்பேன். உனக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள், தொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இதைச் சொன்னபோது, சொந்த விஷயம், அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிடலாமா என்று வாத்தியார் கேட்டார். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றேன். நேரத்துக்குப் புரட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்களுக்குக் காட்ட அதைவிட நல்ல பக்கம் என்னிடம் இல்லை. உனக்குச் சங்கடம் என்றால் மட்டும் சொல்லு, மூடிவிடுகிறேன்.

அனுப்பும்போது பிளாஸ்டிக் கவரில் போடாதே, வேர்த்துவிடும். பழைய பருத்தித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வை. அட்டையில் இருக்கிற எண்ணெய்க் கறையைத் துடைக்க வேண்டாம். தபாலில் போடவும் வேண்டாம். சித்திரையில் நீங்கள் வரும்போது உன் கைப்பையிலேயே கொண்டு வா. குட்டியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போகலாம். நகத்தை மட்டும் முதல் நாளே வெட்டிவிடு.

அன்புடன்,
அம்மா