கண்டன்சருக்குள் ஒரு ரெசிஸ்டர்

பாலிடெக்னிக்குகளில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் செய்கிறவன் எழுதுகிறேன். உங்களிடம் படித்த பிள்ளைகள்தான் என் கடைக்கு வேலை பழக வருகிறார்கள். கணக்கு என்னைவிட வேகமாகப் போடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு பையன் தன் வீட்டு செட்டையே தூக்கிக்கொண்டு வந்தான். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று விடாத இரைச்சல். அதைப் போக்க 4,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் ஒயர் வாங்கியிருக்கிறான். மின்சாரம் எந்தத் திசையில் போகவேண்டும் என்று ஒயரின் மேல் அம்புக்குறி வேறு. இரைச்சல் அப்படியே இருந்தது.

பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கிக் கொடுக்கும் 4700 மைக்ரோபாரட் கண்டன்சர். மீட்டரில் 4500 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்றான். கண்டன்சருக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டன்ஸை, அதாவது இ.எஸ்.ஆரை, அளக்கும் மீட்டரை வைத்தேன்: 1.8 ஓம். புதிதாக இருந்தால் 0.1 ஓம்கூட வராது. பக்கத்தில் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கின் சூட்டில், உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட் என்ற திரவம் வற்றிப்போயிருந்தது. புதிது போட்டதும் இரைச்சல் நின்றது. "கண்டன்சருக்குள்ளயும் ரெசிஸ்டன்ஸ் இருக்குமா?" என்று கேட்டான். டிப்ளமோ முடித்த பையன்.

பாடத்துக் கண்டன்சருக்குக் கசிவு கிடையாது, சூடு கிடையாது, வயசும் கிடையாது. கணக்கைத் தொடங்க அது வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கடையில் வாங்கும் 4700 பெரும்பாலும் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால், சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். போர்டில் எந்த இடத்தில் வைத்துப் பற்றவைக்கிறோம் என்பதும் அதன் ஆயுள் கணக்கில் சேர்த்திதான்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அந்த ஒயர். விற்றவர் சொன்னதில் பாதி உண்மை: ஒயருக்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு, மின்சாரம் மாறுவதை எதிர்க்கும் இண்டக்டன்ஸும் உண்டு. எவ்வளவு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 3 மீட்டர், போக வர 6 மீட்டர் என்றால் சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 8 ஓமே பெயரளவுக்குத்தான். மல்டிமீட்டரில் 6 போலக் காட்டும். ஸ்பீக்கர் தன் இயல்பாலேயே அதிகம் அதிரும் ஓசையில், அதாவது ரெசனன்ஸ் வரும் இடத்தில், 30 ஓமைத் தாண்டுவதும் உண்டு. வெள்ளி ஒயர் செம்பைவிட 6 சதவீதம் போலத்தான் நன்றாகக் கடத்தும். அம்புக்குறிக்கோ அர்த்தமே இல்லை. 1000 ஹெர்ட்ஸ் ஓசைக்கே ஸ்பீக்கர் ஒயரில் மின்சாரம் வினாடிக்கு 2000 முறை திசை மாறுகிறது.

அந்தப் பையனுக்கு ஓம் விதி தூக்கத்தில் கேட்டாலும் வரும். காசை எடுத்து நீட்டும்போது அதைப் போட்டுப்பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

லேப்பில் ஒரு வகுப்பு இதற்கு ஒதுக்குங்கள். புதுக் கண்டன்சரையும் உப்பிய கண்டன்சரையும் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இன்னொரு நாள் துணியால் மறைத்து, சாதா ஒயரையும் விலை கூடிய ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எதென்று பத்து தடவை எழுதச் சொல்லுங்கள். மாற்றுகிறவர் முகமும் அவர்களுக்குத் தெரியக்கூடாது.

கெட்டுப்போய்க் கழற்றிய கண்டன்சர்கள் என் கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அளந்த இ.எஸ்.ஆரை ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்