பேச்சு வராத எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து ஆராயுங்கள்

ஆட்டிசத்தை ஆராய்ந்துவரும் விஞ்ஞானிகளுக்கும், அந்த ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகளுக்கும்,

வணக்கம். என் மகளுக்கு ஆட்டிசம். இருபது வயதைத் தாண்டிவிட்டாள், பேச்சு வரவில்லை. வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்பாள், வேண்டாததைக் கையால் தள்ளிவிடுவாள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவளைப் போன்றவர்களை உங்கள் ஆய்வுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் அன்றாடம் படும் பாட்டையே ஆய்வுக்குரிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துறையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் போன்ற தாய்மார்கள் இன்று தலை நிமிர்ந்து நடப்பதே அறிவியலால்தான். தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர்கள், ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். மரபணுக்களும் உருவமும் ஒத்த இரட்டையர் 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்கு அது வலுவான சான்றாக அமைந்தது. தாயின் மேல் போட்ட பழியும் மெல்ல மெல்ல விலகியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயமும் அப்படித்தான். 12 குழந்தைகளை வைத்து 1998இல் அந்தப் பயத்தைக் கிளப்பிய கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று காட்டியது. சொந்தக்காரர்கள் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல எனக்குத் தெம்பு கொடுப்பவை இந்த ஆய்வுகள்தான்.

சரி, இப்போது யாரை ஆராய்கிறீர்கள் என்று பார்ப்போம். 2016இல் வெளிவந்த 301 ஆட்டிச ஆய்வுகளை ஒரு குழு அலசி 2019இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் பங்கெடுத்த ஆட்டிச நிலையாளர்களில் 94 சதவீதம் பேர் அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு அந்தக் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம் ஏன் அவர்கள் கணக்கில் இல்லை? காரணமும் புரியாமல் இல்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் இரைச்சலில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், கேள்வித்தாளைப் படித்துப் பதில் எழுத வேண்டும். என் மகளால் இரண்டும் முடியாது. அப்படியென்றால் மாற வேண்டியது ஆய்வு செய்யும் முறை. அவளை விட்டுவிட்டு நடத்திய ஆய்வின் முடிவை அவளுக்கும் பொருத்திச் சொல்வது நியாயம் ஆகாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் அவள் தன் தாடையில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். எப்போதும் வலது பக்கம்தான், ராத்திரியில்தான் அதிகம். சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மென்றாள். மருத்துவரிடம் கூட்டிப்போனால், "இவர்களுக்கு இதெல்லாம் இருக்கும்மா" என்று சொல்லி, அமைதிப்படுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் அவள் தூங்கினாள், விழித்ததும் மறுபடி அறைந்தாள். கடைசியில் ஒரு பல் மருத்துவர் பொறுமையாக, வாயைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாமல், முதலில் தன் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து விளையாட விட்டு, அப்புறம் உள்ளே பார்த்தார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கோத்திருந்தது. பல்லை எடுத்த பிறகு அறைவது நின்றுவிட்டது.

பேச முடியாத ஒருவருக்கு எங்கே வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைக் கேட்டால் இதைவிட அவசரமான ஆய்வுக் கேள்வி இல்லை. ஸ்வீடனில் 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆட்டிச நிலையாளர்கள் இறந்தபோது அவர்களுடைய சராசரி வயது 54. மற்றவர்களுக்கு அது 70. அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய 40தான். வலிப்பு நோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த எண்ணைப் படித்த அன்று என்னால் வேறு வேலை எதுவும் பார்க்க முடியவில்லை.

நிதி எங்கே போகிறது என்றும் பாருங்கள். பிரிட்டனில் ஆட்டிச ஆய்வுக்கான செலவைக் கணக்கிட்டு 2013இல் ஓர் அறிக்கை வந்தது. பாதிக்கும் மேற்பட்ட பணம் உயிரியல், மூளை, அறிதல் சார்ந்த ஆய்வுகளுக்குப் போயிருந்தது. சேவைகளைப் பற்றிய ஆய்வுக்குக் கிடைத்தது மிகச் சிறிய பங்கு. ஆட்டிச நிலையாளர்களும் குடும்பங்களும் கேட்டதோ அன்றாட வாழ்க்கைக்கு உதவும் ஆய்வுகளை. மரபணு ஆய்வை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பங்கீடு சரியில்லை என்கிறேன்.

ஆதரவைப் பற்றிய ஆய்வு இரண்டாந்தரமான அறிவியல் என்று நினைப்பவர்கள் பேக்ட் (PACT) என்ற பெற்றோர் பயிற்சியைப் பாருங்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு தெரபிஸ்டும் பெற்றோருமாக உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். "இதோ, இந்த இடத்தில் குழந்தை உங்களை ஒரு நொடி திரும்பிப் பார்த்தது, கவனித்தீர்களா?" என்று தெரபிஸ்ட் கேட்பார். நாம் அவசரப்பட்டு அடுத்த பொம்மையை நீட்டியதில் தவறவிட்ட பார்வை அது. அடுத்த முறை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறோம். இதன் பலன் சுமார் ஆறு ஆண்டு கழித்தும் தெரிந்ததாக 2016இல் லான்செட்டில் வெளியானது. இதையே மாற்றியமைத்து கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்ல, அதற்கெனப் பழக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுப்பதும், பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின. நிபுணர் கிடைக்காத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

ஆனால் இதெல்லாம் சின்னக் குழந்தைகளுக்கு. வளர்ந்தவர்களுக்கு என்ன இருக்கிறது? வேலை, தங்குமிடம், பெற்றோர் காலத்துக்குப் பிறகான பராமரிப்பு என்று எதைத் தேடினாலும் ஆய்வுகள் சொற்பம். நீங்கள் காலியாக விட்ட இடத்தில் போலி வைத்தியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று சொல்லிச் செய்த கிலேஷன் சிகிச்சையில் 2005இல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இறந்தே போனது.

உங்கள் அடுத்த ஆய்வுத் திட்டத்தை எழுதும்போதே, பேசும் ஆட்டிச நிலையாளர்களையும், பேசாதவர்களைத் தினமும் பார்த்துக்கொள்பவர்களையும் மேசைக்கு அழையுங்கள். முடிவெடுத்த பிறகு கையெழுத்து வாங்கக் கூப்பிடாதீர்கள். நேரத்துக்கும் பயணத்துக்கும் உரியதைக் கொடுங்கள். அமைதியான அறை ஒன்றை ஒதுக்குங்கள், முடியவில்லை என்றால் வீட்டுக்கே வாருங்கள். முடிவு வந்ததும் அதை எளிய மொழியில் எழுதி, பங்கெடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்புங்கள். என் மகளை நான் அழைத்து வருகிறேன். அவள் எப்போது போதும் என்கிறாள் என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்று உங்கள் குழுவுக்குச் சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
பேச்சு வராத மகள் ஒருத்தியின் தாய்