துளை பெருத்தால் வேகம் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தோட்டா பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் தோட்டாக் கூட்டின் அடியில் உள்ள துளையைப் பெரிதாக்கினால் குண்டு இன்னும் வேகமாகப் பாயும் என்று போகிற போக்கில் எழுதியிருப்பதை அப்படியே விட மனசு வரவில்லை.

நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. டோம்பிவிலியில் ஒரு பிரஸ் ஷாப்பில் 30 வருஷம் பித்தளை வாஷர் அடித்தவன். டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புவான். அங்கே அது சாதாரணப் பொழுதுபோக்கு. போன வருஷம் போயிருந்தபோது ஒரு கூட்டை டார்ச் அடித்துக் காட்டினான். துளையின் உள்விளிம்பில் பிசிறு எழும்பி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்ச் இறங்கும் பக்கம் வழவழப்பு, வெளியேறும் பக்கம் பிசிறு. எங்கள் வாஷரிலும் இதே கதைதான்.

அந்தத் துளை சுமார் 2 மில்லிமீட்டர். கூட்டின் அடியில் பிரைமர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும், துப்பாக்கியின் ஊசி குத்தியதும் பற்றிக்கொள்வது அதுதான். அதில் எழும் தீ இந்தத் துளை வழியாகத்தான் மருந்தைத் தொடும். பிசிறு இருந்தால் தீ கோணலாகப் போகும், கூட்டுக்குக் கூடு பற்றும் விதம் மாறும். குறி பார்த்துச் சுடுகிறவர்கள் அதை ஒரே ஒரு தடவை வழித்தெடுப்பது அதற்காகத்தான். அளவைக் கூட்டுவது அவர்கள் எண்ணமே இல்லை. துல்லியத்துக்குப் பேர்போன 6 பிபிசி (6 PPC) என்ற வகைத் தோட்டாவில் துளை இன்னும் சிறியது, 1.5 மில்லிமீட்டர் அளவுதான்.

பம்ப் ஸ்டவ் வைத்திருந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பின் குத்திக் குத்தி நிப்பிள் ஓட்டை பெருத்தால் நீலத் தீ மஞ்சளாகிப் பாத்திரமெல்லாம் கரி. தோட்டாவில் கரியோடு போகாது. அகன்ற துளை வழியாக அழுத்தம் பின்னால் வந்து பிரைமர் மேல் மோதும். பிரைமர் கிழிந்தால் சூடான வாயு சுடுகிறவர் முகத்துப் பக்கம் வரும்.

வேண்டுமென்றே பெரிதாக்குபவர்களும் உண்டு. ரிவால்வரில் மருந்தே போடாமல், பிரைமரை மட்டும் வைத்து மெழுகுக் குண்டு சுடும்போது பிரைமர் வெளியே தள்ளி நின்று, தோட்டாக்களைச் சுமந்து சுழலும் சிலிண்டர் மாட்டிக்கொள்ளும், அதைத் தவிர்க்கத்தான். அந்தக் கூடுகளின் அடியில் அக்கா மகன் சிவப்பு நெயில் பாலிஷ் தீற்றித் தனி டப்பாவில் வைத்திருந்தான். அவற்றில் மருந்து போடவே கூடாதாம்.

அப்புறம், கட்டுரையோடு வந்த படத்தில் இரண்டு துளையோடு இருப்பது, கீழே போட்டிருப்பதுபோல ‘அதிவேக வகை’ அல்ல, பெர்டான் வகை. ஒற்றைத் துளை உள்ளது பாக்ஸர். இரண்டும் உருவாக்கியவர்களின் பெயர்கள்தான்: பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் ஓடுவது பாக்ஸர், பெர்டான் வேரூன்றியது ஐரோப்பாவில். வேடிக்கைதான்!

கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் டிரில்லைத் தூக்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். படத்துக்குக் கீழே உள்ள வரியையும் சேர்த்து.

ஓய்வுபெற்ற பிரஸ் ஷாப் தொழிலாளி,
செம்பூர், மும்பை